பொறுப்பண்ணையின் கதிரை

அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்கள் மகள், ஜெர்மனியில் இருந்து லீவுக்கு வந்திருந்த மனைவியின் தமையன், பிறகு பொறுப்பண்ணை. தவேர்னா என்கிற அந்த வைன் கடையின் சொந்தக்காரர் கதிரையில் இருக்கவில்லை. முழங்கால் நோவோடு ஒரு பீப்பாயில் சாய்ந்து நின்றார். மூலையில் இரண்டு கிழவர்கள் காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் எப்போதும் அங்கேதான்.

ஒரு இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்வது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கே படித்ததெல்லாம் மறந்து போனது, வாத்தியார் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயம் மட்டும் போகவில்லை. யாராவது ஒருநாள் "அண்டைக்கு அங்கை ஆரார் இருந்தது?" என்று கேட்டால் முழிக்கக் கூடாது அல்லவா. இத்தாலியில் இந்தப் பாலெர்மோவுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன், இப்போது கொஞ்சம் நிம்மதி.

அன்றைக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. கபோ சந்தைக்குள் இருக்கும் அந்தத் தவேர்னாவில், வைன் ஊற்றிக் கொடுக்கும் வேலைக்கு மகளை அந்தக் கடைக்காரர் கேட்டிருந்தார். மகளுக்கும் விருப்பம். ஆனால் அவர் பழைய காலத்து ஆள். பிள்ளையின் தகப்பன் தன் மேசையில் வந்து இருந்து, தன் வைனில் ஒரு வாய் குடித்து, சம்மதம் சொன்னால்தான் எடுப்பேன் என்றுவிட்டார். மகளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இத்தாலியச் சட்டத்துக்கு என் சம்மதம் தேவையில்லை, தவேர்னாக்காரரின் சட்டத்துக்குத் தேவை.

நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னம் பொறுப்பண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பாலெர்மோத் தமிழருக்கு அது யாரென்று தெரியாது. காலையில் மூன்று கட்டடங்களின் படிகளைக் கழுவுவார். பின்னேரம் முழுக்க ஓய்வு. மனைவி இறந்து கன காலம், மகன் கனடாவில். எந்த நேரமும் கையில் ஒரு பிளீச் வாசம் இருக்கும். சட்டைப் பையில் எழுதாத பேனை ஒன்று இருக்கும். அந்தப் பையின் மேல் உள்ளங்கையை வைத்து, "நான் பொறுப்பு" என்பார். வீடு பார்த்துத் தரும்போது, வேலை எடுத்துத் தரும்போது, யாரோ விற்கிற பழைய பிரிட்ஜைக் காட்டும்போது, கடற்கரைக்குப் போகிற அன்றைக்கு மழை வராது என்று சொல்லும்போது, எல்லாவற்றுக்கும் அந்தக் கை அந்தப் பைக்குப் போகும்.

அதைக் கேட்டால் மற்ற ஆட்களுக்கு நிம்மதி வரும். எனக்கு அப்போதுதான் பயம் தொடங்கும். அவர் பொறுப்பு எடுக்காத விசயங்கள் பிழையாகாமல் போனதும் உண்டு.

கால்சாப் பகுதியில் எங்களுக்கு முதல் வீடு எடுத்துத் தந்தவர் அவர்தான். மேல்மாடி. ஒரு பக்கம் திருத்திப் பூச்சுப் பூசிய பெரிய மாளிகை, மறுபக்கம் நாங்கள். கூரையில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

"அண்ணை, இது ஒழுகுமோ?"

கை பைக்குப் போனது. "ஒழுகாது. நான் பொறுப்பு."

முதல் மழைக்கே கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. போன் எடுத்தேன். படி கழுவி முடித்த கையோடு, ஒரு குடையும் ஒரு பிளாஸ்டிக் பேசினும் கொண்டு வந்து நின்றார்.

"மேசன் எங்கை அண்ணை?"

"மேசன் மழை விட்டாப் பிறகுதான் கூரையிலை ஏறுவானாம். நான் வந்திட்டன்தானே."

பேசினைக் கட்டிலின் நடுவே வைத்தார். பக்கத்தில் ஏறி இருந்து குடையை விரித்தார். வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு இருக்கிற மனிதருக்கு என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு கையால் குடித்தார். பேசின் நிரம்பும்போது ஊற்றிவிட்டு வந்து திரும்ப இருந்தார். மழை விட்டது. எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, "பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை" என்றார். மெத்தை பல்கனியில் கன நாள் கிடந்தது.

இன்னொருமுறை, புதிதாக வந்த பெடியன் ஒருவனை இத்தாலியப் பெண்மணி, சிஞ்ஞோரா ஒருவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். "தங்கமான பிள்ளை சிஞ்ஞோரா, நான் பொறுப்பு." தங்கமான பிள்ளை இரண்டாம் கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் பிரான்சுக்கு ரயில் ஏறிவிட்டது. அந்த வேலையில் முக்கால் பங்கு சிஞ்ஞோராவின் நாயை உலாத்தக் கூட்டிப் போவது. அண்ணைக்கு நாய் என்றால் நடுக்கம், நாய்க்குட்டியைக் கண்டாலும் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போகிறவர். வேறு ஆள் கிடைக்கும்வரை, பின்னேரங்களில் அவரும் அந்த நாயும் கடற்கரைப் புல்வெளியில் போவதை ஊரே பார்த்தது. கயிற்றின் ஒரு நுனியில் கன்றுக்குட்டி அளவு நாய். மறு நுனியில், சூடான சட்டியைப் பிடித்தவர் மாதிரிக் கைகளை முன்னால் நீட்டியபடி அண்ணை. யார் யாரை உலாத்தக் கூட்டிப் போனது என்று தமிழ்க் கடையில் கொஞ்ச நாள் பெரிய வாதம்.

எங்களைக் குடும்பமாகத் தவேர்னாவுக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். என் மனைவிக்கு முதலில் அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

"தவேர்னா எண்டால் எங்கடை ஊர்க் கள்ளுத் தவறணைதானே. அங்கை பொம்பிளையள் போறதோ?"

"தங்கச்சி, இஞ்சை சேர்ச் சுவாமியாரே தாயைக் கூட்டிக்கொண்டு வாற இடம் அது. நான் பொறுப்பு."

இந்த நகரத்தின் பழைய தவேர்னாக்களில் ஒரு முறை இருக்கிறது. கடையில் பீப்பாய் வைன் மட்டும்தான். சாப்பாட்டை நாங்கள் சந்தையில் வாங்கிக்கொண்டு போய், அவர்களுடைய சலவைக்கல் மேசையில் விரித்துச் சாப்பிடலாம். மற்ற ஆட்கள் கடதாசியில் சுற்றிய ஒலிவ் காயோ, பொரித்த கடலைமாத் துண்டோ, அவித்த கணவாயோ கொண்டுவருவார்கள். அண்ணை இதை எங்களுக்குச் சொன்ன விதம்தான் பிழையாகிப் போனது. "சாப்பாடு நாங்கள்தான் கொண்டு போகவேணும் தங்கச்சி. அதுதான் முறை."

முறை என்று சொன்னால் என் மனைவி குறை வைக்கமாட்டாள். ஞாயிறு வெள்ளன எழும்பிப் புட்டு அவித்தாள். நண்டுக் குழம்பு வைத்தாள். பெரிய சட்டியைத் துணியால் கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் வழி முழுக்க அந்த மூடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூடியைத் திறந்ததும் கடை முழுக்க வாசம். காட்ஸ் விளையாடிய கிழவர்களின் கை அந்தரத்தில் நின்றது. தவேர்னாக்காரர் நடந்து வந்தார். என் கை தானாகப் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதிக் காட், இருக்கிற பைக்குப் போனது. அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். அண்ணை தன் இத்தாலியனில் மறுமொழி சொன்னார்.

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"உறைக்குமோ எண்டு கேக்கிறார். உறைக்காது, நான் பொறுப்பு எண்டு சொன்னனான்."

தவேர்னாக்காரர் ஒரு நண்டுக் காலை எடுத்துக் கடித்துச் சூப்பினார். கண் சிவந்தது. தன் கடை வைனைத் தானே ஊற்றி இரண்டு கிளாஸ் குடித்தார். வாசலுக்குப் போய்க் காற்றுப் பட நின்றார். அண்ணையும் பின்னால் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். நான் பெர்மெஸ்ஸோவைப் பிடித்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தவேர்னாக்காரர் திரும்பி வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு காலை எடுத்தார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறாவது போகாமல் விட்டதில்லை. எங்களுக்கு முன்னமே அண்ணை போயிருப்பார். ஒவ்வொரு கதிரையையும் ஆட்டிப் பார்ப்பார். ஆடாத கதிரைகளை எங்களுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கால் கட்டையாகிப்போன ஒன்றில் தான் இருப்பார். கதை சொல்லும்போது அந்தக் கதிரையும் சேர்ந்து டக் டக் என்று ஆமாம் போடும். குடியிலும் ஆள் பெரிய சூரர் இல்லை. சின்னக் கிளாஸ் ஒன்று எடுத்தால் நாங்கள் எழும்பும்வரை அதில் வைன் இருக்கும்.

ஒருநாள் அந்தக் கிழவர்கள் இருவரும் ஒரு காட்ஸ்துண்டுக்காகச் சண்டை பிடித்தார்கள். கை ஓங்கும் அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் மகள் மேசையில் இருந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், சந்தைக்காரர்களின் பேச்சில் ஒரே ஒரு வசனம் சொன்னாள். இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. தவேர்னாக்காரர் சிரிப்புத் தாங்காமல் பீப்பாயைப் பிடித்துக்கொண்டார். அதில் இருந்துதான் வேலைக் கதை வந்தது.

இனி அந்த ஞாயிறு.

மச்சான்தான் முதலில் தொடங்கினார். "நாங்கள் கஷ்டப்பட்டு வெளிநாடு வந்தது, பொம்பிளைப் பிள்ளையைத் தவறணையிலை நிப்பாட்டவோ?" இதைச் சொல்லும்போது அவர் இரண்டாவது கிளாஸில் இருந்தார்.

"மாமா, அதை ஊத்தித் தந்தது ஆர்?" என்று மகள் கேட்டாள்.

"கதையை மாத்தாதை."

மகள் என் பக்கம் திரும்பினாள். அதுவரை அவள் உல்லாசப் பயணிகள் வந்து தங்குகிற வீடுகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஆக்கள் எழும்பிப் போன கட்டிலை விரிச்சு விரிச்சு எனக்கு அலுத்துப் போச்சு. நான் போகேக்கை ஒருத்தரும் இருக்க மாட்டினம். இஞ்சை ஆக்கள் இருக்கினம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டு, "நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். இரண்டு நாளாக வீட்டிலும் இதையேதான் சொன்னாள்.

என் தலைக்குள் எல்லாம் ஒன்றாக ஓடின. குடிவெறியில் யாராவது வந்து தனகி வம்புக்கு இழுத்தால். கோயிலில் நாலு பேர் கதைத்தால். நாளைக்குக் கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீடு கேட்டால். பீப்பாய் உருண்டு காலில் விழுந்தால்.

பக்கத்தில் கதிரை டக்கென்றது. அண்ணையின் கை பையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணை, ஒரு நிமிசம்" என்றேன். வழமையாக நான் அவரை மறித்துக் கதைக்கிறவன் இல்லை. "எல்லாத்துக்கும் பொறுப்பு பொறுப்பு எண்டுறியள். இது என்ரை பிள்ளை. ஏதும் நடந்தால் என்ன செய்வியள்?"

இதை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கை பாதி வழியில் நின்றுபோனது. அவர் கிளாஸைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"என்ன செய்யிறதெண்டு எனக்கென்ன தெரியும் தம்பி" என்றார். "வந்து இருப்பன்."

"வந்து?"

"வந்து இருப்பன். அவ்வளவுதான்."

மச்சான் சிரித்தார். "நல்ல பொறுப்பு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் தேத்தண்ணி குடித்த ஆள் கண்ணுக்குள் வந்து நின்றார். அந்த மழைக்கு நான் வேறு ஒருவருக்கும் இல்லை, அவருக்கு மட்டும்தான் போன் எடுத்தேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முன்னால் இருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தேன். இருமல் மருந்து மாதிரி இனித்தது. "ஓம்" என்றேன். தவேர்னாக்காரர் அசையாமல் நின்றார். "அப்பா, அவருக்கு விளங்கேல்லை" என்று மகள் சொன்னாள். திரும்ப, இத்தாலியனில் "ஸீ" என்றேன். மனைவி உடனே எல்லாருக்கும் புட்டுப் போட்டாள். இரண்டு நாளாக அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி.

ஏதும் நடந்தால் வந்து இருப்பன் என்றுதான் அண்ணை சொன்னார். நடக்கும்வரை அவர் பொறுக்கவில்லை. மகள் வேலைக்குப் போன முதல் நாளே நாலு மணிக்கு வந்து அந்த ஆடுகிற கதிரையில் இருந்தார். எட்டு மணிக்குக் கடை பூட்டும்போது எழும்பினார். அடுத்த நாளும் அப்படியே. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கதிரையில் இருந்தபடியே விசாரித்தார்: எங்கே வேலை, வீட்டில் யார் யார், இப்போது குடித்தால் நாளைக்கு எப்படி எழும்புவாய்.

மகள் எனக்குப் போன் எடுத்தாள். அண்ணையை அவள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். "அப்பா, பெரியப்பாவுக்குச் சொல்லுங்கோ. விசாப் பொலிஸ் குவெஸ்தூராவிலைகூட இவ்வளவு கேள்வி கேக்கமாட்டினம். பாதிப் பேர் வாசலிலை அவரைக் கண்டிட்டுத் திரும்பிப் போகினம்."

நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் அங்கே இருந்த பின்னேரங்களில்தான் நான் என் கோப்பை கழுவுகிற வேலையில் ஒன்றையும் உடைக்காமல் இருந்தேன்.

மகள் தானே ஒரு வழி கண்டாள். "பெரியப்பா, இது கடை. சும்மா இருக்க ஏலாது. இருக்கிறதெண்டால் வாங்க வேணும்."

"ஊத்து."

கிழவர்களுக்கான குறைந்த விலைதான், சின்னக் கிளாஸ் ஐம்பது சதம். காசு கேட்டபோது அவருடைய கை பழக்க தோசத்தில் சட்டைப் பைக்குப் போனது. அங்கே பேனை மட்டும்தான் இருந்தது. "உன்ரை அப்பா பொறுப்பு" என்றார்.

அந்தச் சொல்லோடு வேறு ஒருவருடைய பெயரை அவர் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தரம். மகள் சோக்கட்டியை எடுத்தாள். கடன்காரரின் கணக்கை ஒரு வெறும் பீப்பாயின் வயிற்றில் எழுதுவது அந்தக் கடையின் வழக்கம். பெரிய எழுத்தில், தமிழில், பெரியப்பா என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டாள்.

எனக்கு ஒரு யூரோ கடன் இருந்தாலும் நித்திரை வராது. அடுத்த நாளே காசோடு போனேன். மகள் வாங்கவில்லை. "குடிச்சது நீங்களோ?" என்றாள்.

அந்தக் காலம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் ஏதோ நடந்தது. குடிவெறியில் வந்த ஒருவன் மேசையில் அடித்துச் சத்தம் போட்டான். பொறுப்பண்ணை பாய்ந்து எழும்பினார். கதிரையின் கட்டைக் கால் சறுக்க, ஆள் நிலத்தில். மகள் சுற்றி வந்து, அந்த மொழிபெயர்க்காத வசனத்தை இன்னொருமுறை சொல்லி, வெறிகாரனை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, திரும்பி வந்து பெரியப்பாவைத் தூக்கி நிறுத்தினாள். மணிக்கட்டுச் சுளுக்கு. நான் வேலை உடுப்போடு ஓடிப் போனேன். ஐஸ் வைத்துக் கட்டி எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் கடை பூட்டும்வரை இருந்தேன்.

"பாத்தியே தம்பி" என்றார், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு. "ஒண்டும் நடக்கேல்லை."

பிறகு மகன் அவரைக் கனடாவுக்கு எடுப்பித்தான். அந்தச் செய்தியை, டொக்டர் சொன்ன வருத்தத்தைச் சொல்கிற மாதிரி என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார். "அவன் கனடா அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்கிறானாம் தம்பி. எனக்கு அவன் பொறுப்பாம்." பையைத் தடவிக்கொண்டு, "அவனுக்கு அது ஏலுமோ தெரியேல்லை" என்றார்.

போவதற்கு முதல் நாள் தவேர்னாவுக்கு வந்தார். அன்றைக்குச் சட்டைப் பையில் பேனை இல்லை, மடித்த காசு இருந்தது. பீப்பாய்க்குக் கிட்டப் போய்க் கோடுகளை எண்ணத் தொடங்கினார். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாம் பெரியப்பா. வந்து தாங்கோ."

"பிள்ளை, நான் இனி…"

"வந்து தாங்கோ எண்டுறன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன், அந்தக் கடையின் கூரையில் கறை ஒன்றும் இல்லை. அவர் காசைத் திரும்பப் பைக்குள் வைத்து, அதன் மேல் கையை வைத்து, "வந்து தாறன்" என்றார். கதிரையில் இருந்து ஒரு கிளாஸ் குடித்து முடித்தார். அவர் குடித்து முடித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

இப்போது அநேகமாக மகள்தான் கடையை நடத்துகிறாள். தவேர்னாக்காரர் மூலையில் கிழவர்களோடு காட்ஸ் விளையாடித் தோற்கிறார். வேலை முடிந்து ஏழு மணிக்கு நான் அங்கே போய் இருப்பது உண்டு. அந்தக் கதிரையை ஒருவரும் திருத்தவில்லை. தெரியாமல் அதில் இருக்கிற உல்லாசப் பயணிகள் உடனே எழும்பிவிடுகிறார்கள், நான் எழும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவில் இருந்து போன் வரும். பிள்ளை கடை பூட்டிவிட்டாளா, கதிரை இன்னும் வாசலில்தானா என்று கேட்பார். குளிர் எப்படி என்று கேட்டால், "இந்த முறை பெரிசா இராது, நான் பொறுப்பு" என்பார்.

பீப்பாயைத் துடைக்கும்போது மகள் அந்த இடத்தை மட்டும் சுற்றித் துடைக்கிறாள். கடைசியாகப் போன கிழமை, அவள் வைன் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, நான் கோடுகளைக் கூட்டிப் பார்த்தேன். கடைசி நாள் கிளாஸையும் சேர்த்து, இன்னும் கடனாக நிற்பது நூற்றுப் பன்னிரண்டு யூரோ ஐம்பது சதம்.